வாசு அண்ட் பார்ட்டியின் குரல்

வளைகுடாவின் முதல் தமிழ் ராப் பாடகன் என்று போன மாதம் துபாயில் பொன்னாடை வாங்கிய வாசுவுக்கு ராப் பாட வராது. ராப் என்ன, பிறந்தநாள் கேக் வெட்டும்போது பாடுகிற நாலு வரிகூட வராது. பாடியது நான். பெயர் நாகவள்ளி, ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய், வேலை துபாய் டேராவில் ஒரு சரக்குக் கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். கலியாணம் ஆகவில்லை. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைக்கலாம். பொறாமைதான். என் பொருளை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தால் எனக்குப் பொறாமை வராமல் பக்தியா வரும்?

ஒரு பெண்ணின் குரலை ஆணின் குரல் என்று எப்படி நம்பினார்கள் என்று கேட்பீர்கள். என்னோடு ஒருமுறை டெலிபோனில் பேசிப் பாருங்கள். என்னுடையது கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடுகிற வரிசையில் என்னை நிறுத்திய ரீச்சர், முதல் வரியிலேயே காதைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். அலுவலகத்தில் நான் "குட் மோர்னிங்" சொன்னால் மறுமுனையில் "யெஸ் சார்" என்றுதான் பதில் வரும். மஸ்கட்டிலிருந்து பேசுகிற ஏஜென்ட் ஒருவர் என்னை "பாய்" என்று கூப்பிட்டு, தன் பெண்சாதியின் தொல்லைகளை ஆணுக்கு ஆண் சொல்லி ஆறுதல் தேடுவார். நானும் அவருக்கு நல்ல புத்திமதிகள் சொல்லியிருக்கிறேன். எங்கள் மானேஜருக்கு என் குரல் பெரிய வசதி. புகார் சொல்ல எடுத்தவர்கள் என் "யெஸ்" காதில் விழுந்ததும் சுருக்கமாகப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

எண்பத்தைந்தில் வாசு மதராசில் பட்டம் வாங்கிக்கொண்டு துபாய் வந்து சேர்ந்தான். அப்பா வங்கியில் பெரிய உத்தியோகம். மகனுக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த ஷோரூமுக்குச் சரக்கு இறக்கிக் கொடுப்பது எங்கள் கம்பெனி. சரக்கு எடுக்க ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த எங்கள் குடோனுக்கு அவன் அடிக்கடி வருவான். அங்கே ஸ்டோர்கீப்பர் பத்மநாதன். என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. அல் குசைஸில் அவர் குடும்பத்தோடுதான் நானும் இருந்தேன். கம்பெனி வானை ஓட்டுகிறவன் கதிர்காமு, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். இந்த மூவரும் சேர்ந்துதான் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளின் ஹிப் ஹாப்பை வாடகை வீடியோ கேசட்டில் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பகல்களில் குடோனுக்குள் புரட்சி செய்துகொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் அந்தப் புரட்சியை நான் நேரில் பார்த்தேன். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டு, அதன்மேல் வாசு முதுகால் சுழன்றுகொண்டிருந்தான். அண்ணன் எதனோடும் இணைக்காத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கதிர்காமு மட்டும் உருப்படியாக ஒன்று செய்தான். உதட்டாலும் தொண்டையாலும் மேளத்தை வரவழைத்தான். வான் கதவில் விரலைத் தட்டினால் அதற்குமேல் ஒரு வாத்தியம் தேவையில்லை. வாசு எழுந்து, அந்தத் தாளத்துக்கு மேல் அர்த்தம் தெரியாத ஆங்கிலத்தைக் கீச்சுக் குரலில் கொட்டினான். புழுக்கம் வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. தாளம் ஓடிக்கொண்டிருந்ததால் அதன்மேலேயே ஏறி ஏசிவிட்டேன்.

"தொப்பி பின்னால, கண்ணாடி முன்னால, காசெல்லாம் அப்பாவால, கத்துறது என்னத்தால?"

கதிர்காமு தாளத்தை நிறுத்தவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு, "அக்கா, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். அண்ணனைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன். மானேஜரைப் பற்றி நாலு வரி வந்தது. எனக்கு ஏசுவது பிறவியிலேயே வரும். அதற்குத் தாளம் வைத்து ஒரு நாடே கைதட்டுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசுவுக்கு முதலில் முகம் கறுத்தது. பிறகு வியாபார மூளை வேலை செய்தது.

"சூப்பர்க்கா. இதான் நம்ம குரூப்போட சவுண்ட்" என்றான்.

குரூப்புக்கு அவன் வைத்த பெயர் "வாசு அண்ட் பார்ட்டி". நியூயார்க் தெருவில் பிறந்த கலைக்கு நாதஸ்வரச் செட்டின் பெயரை வைத்த மகான் அவன்.

ஒரு வருடத்துக்குள் ஒரு கேசட் நிறையப் பாட்டுகள் சேர்ந்தன. எழுதியது நான், பாடியதும் நான். "பாஸ்போட்டு கஃபீலின்ர பெட்டிக்குள்ள, பாய்போட இடமில்லை ரூமுக்குள்ள" என்று தொடங்குகிற பாட்டுக்குத் தொழிலாளர் கேம்புகளில் நல்ல வரவேற்பு. கஃபீல் என்றால் விசா கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிற முதலாளி. வாசுவின் பங்களிப்பு என்னவென்றால் என் தமிழைத் திருத்தியது. "எண்டு" என்பதை "ன்னு" ஆக்கினான். "கஃபீலின்ர" என்பது "கஃபீலோட" ஆனது. "எல்லாருக்கும் புரியணும்லக்கா" என்றான். பிறகு ஷோரூமின் டபுள் டெக்கில் பிரதி எடுத்து, உறையில் தன் படத்தை ஒட்டினான். கண்ணாடி, தொப்பி, சங்கிலி எல்லாம் இருந்தன. குரலுக்குரிய ஆள் இல்லை. கதிர்காமு அந்தக் கேசட்டுகளை வானில் போட்டுக்கொண்டு போய், தெரிந்த டிரைவர்கள் கையில் கொடுப்பான். அவர்கள் வழியாக அவை அபுதாபி முசஃபாவரை போயின.

எனக்கு அப்போது அது பெரிதாக உறைக்கவில்லை. பகிடிக்குச் செய்கிற காரியம்தானே என்றிருந்தேன். அண்ணன் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபோதுதான் உறைத்தது. கேசட்டை என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், பாடுவது யார் என்று சொல்லாமல். சின்ன வயதிலிருந்து "மெல்லக் கதையடி, ஆம்பிளை மாதிரிக் குரல்" என்று என் தலையில் குட்டியே வளர்த்தவள் அம்மா. அவள் கேட்டுவிட்டு, "ஆர் பெத்த பிள்ளையோ, என்ன கம்பீரமான குரல், அந்தத் தாய் குடுத்து வைச்சவள்" என்றாளாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஒருமுறையாவது நாலு பேருக்கு முன்னால் அந்தக் குரல் என் பெயரில் ஒலிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது அன்றைக்குத்தான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எண்பத்தாறில் ஒரு ஹோட்டல், ஈத் விடுமுறைக்கு இளைஞர் ஹிப் ஹாப் போட்டி நடத்தியது. வாசு எங்கள் குழுவின் பெயரைக் கொடுத்துவிட்டான். குடோனில் கூடினோம். மேடையில் யார் எங்கே நிற்பது என்ற பேச்சு வந்தது.

"நீங்க பின்னாடி ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் மைக்கோட நின்னுக்கோங்க. நான் முன்னாடி லிப் மூவ்மெண்ட் குடுத்துடறேன்" என்றான் வாசு.

எனக்குச் சில நொடிகள் விளங்கவில்லை. "ஏன்? நான் முன்னுக்கு வந்து பாடினால் என்ன?"

"அக்கா, ப்ளேபேக்னு ஒண்ணு இருக்குல்ல. சினிமால ஹீரோவா பாடறான்? பாடறவங்களுக்குத்தான் உண்மையான மரியாதை."

"சினிமாவில பாடினவரின்ர பேரைப் போடுவினம். உம்மட உறையில என்ர பேர் எங்க?"

வாசு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தொண்டையைச் செருமினார். "வள்ளி, உனக்குக் கலியாணம் பேசுது. மேடையில ஏறி ஆடுற பெட்டை எண்டு கதை வந்தால் ஆர் கட்டுவான்? உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் எத்தனையோ சாதி சனம் ராப் பாடியிருக்கிறது. ராப்பின் ஆதாரமே, நான் நிற்கிறேன், இது என் வாய், இது என் சொல் என்று எதிராளியின் முகத்துக்கு நேரே சொல்வதுதான். அதற்குப் பின்னணிப் பாடகர் வைக்கலாம் என்று யோசித்தவர்கள் நாங்கள் மட்டும்தான். கதாநாயகன் பேசும்போது ஒரு குரல், பாட ஆரம்பித்ததும் வேறு குரல் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அதில் ஒரு வித்தியாசமும் தெரியாமல் போன சனம் நாங்கள். இதற்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

அம்மாவையும் கலியாணத்தையும் நினைத்து நான் இறங்கிப் போனேன். இறங்கிப் போனதற்குப் பலன், மேடை ஏறாமலேயே எனக்குக் கலியாணம் நடக்கவில்லை.

ஹோட்டலில் கறுப்புத் திரைக்குப் பின்னால், எச்சில் பிளேட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். திரையில் ஒரு பொத்தல் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. முதல் பாட்டு குறையில்லாமல் போனது. நான் பாட, வாசு வாயசைத்தான். கதிர்காமு தாளம் போட்டான். அண்ணன் மின்சாரம் இல்லாத டெக்கின் பொத்தான்களை மிகுந்த கவலையோடு அழுத்திக்கொண்டிருந்தார். சனம் ஆரவாரித்தது.

பிறகு நடுவர் இரண்டாம் சுற்றை அறிவித்தார். எதிர்க்குழு கேலி செய்யும், உடனே அதே தாளத்தில் பதில் சொல்ல வேண்டும். வாசுவின் முகத்தில் ரத்தம் இல்லை. போட்டி விதிகளை அவன் வாசிக்கவில்லை, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான். எதிர்க்குழு கராமாவிலிருந்து வந்த கோவாக்காரப் பெடியன்கள். அவர்களில் ஒருவன் வாசுவின் புதுச் சப்பாத்தையும் சங்கிலியையும் காட்டி ஆங்கிலத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினான். சபை சிரித்தது. பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. வாசு திரையைத் திரும்பிப் பார்த்தான். கதிர்காமுவும் பார்த்தான்.

நான் மைக்கைக் கிட்டப் பிடித்தேன்.

"முன்னால நிக்கிறவர் மூச்சு மட்டும் விடுறவர்,
பின்னால நிக்கிற ஆளைப் பேர்சொல்லாம மறைக்கிறவர்,
சப்பாத்து புதுசு, சங்கிலியும் மினுக்கு,
சத்தம் மட்டும் யாருடையது, சந்தேகம் உனக்கு!"

சபையில் பாதி தமிழும் மலையாளமும். கூரை பறந்தது. வாசுவுக்கு என்ன சொல்கிறேன் என்பது ஏறவில்லை. அவன் என் சொல்லை என்றைக்கும் கேட்டதில்லை, தன் உதட்டுக்கு வேலை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். மைக்கை வாய் மறையப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தான். "சப்பாத்து புதுசு" என்றபோது காலைத் தூக்கிக் காட்டினான். சங்கிலியை எடுத்து முத்தமிட்டான். தன்னைத் தானே ஏசிக்கொண்டு அவன் நெஞ்சை நிமிர்த்திய அழகை நான் பொத்தல் வழியாகப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. தமிழ் தெரியாத நடுவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார். நடுவர் எழுந்து, தன்னைத் தானே கேலி செய்யத் தெரிந்தவன்தான் பெரிய கலைஞன் என்று சொல்லி முதல் பரிசை வாசுவுக்குக் கொடுத்தார்.

வானில் திரும்பும்போது வாசு கேட்டான், "எதுக்கு எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க?"

கதிர்காமு வரிக்கு வரி விளக்கினான். வாசு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். அவமானப்படுகிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"நல்ல கான்செப்ட்" என்றான் வாசு. "அடுத்த கேசட்ல முதல் பாட்டா வெச்சுரலாம். சப்பாத்துங்கிறத மட்டும் ஷூன்னு மாத்திடுங்கக்கா."

மாற்றமாட்டேன் என்றேன். ஹோட்டலில் மைக்கிலிருந்து பதிவு செய்த நாடாவையே வைத்துக் கேசட் போட்டுவிட்டான். வாசு அண்ட் பார்ட்டியின் ஆகப் பெரிய வெற்றிப் பாட்டு அதுதான். நான் அவனை ஏசியது அவனுடைய பணிவுக்கு அத்தாட்சியாகிவிட்டது. இப்படிப்பட்ட ஆளை எந்த வசையால் அடிப்பது? சேற்றை அள்ளி வீசினால் சந்தனம் என்று பூசிக்கொள்கிறவன்.

அதோடு நான் பாடுவதை நிறுத்தினேன். குழுவும் நின்றது. எண்பத்தேழில் அண்ணன் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போனார். அங்கே தமிழர் கொண்டாட்டங்களில் தன்னை "டிஜே பத்மா" என்று அறிமுகப்படுத்துகிறாராம். எதனோடும் இணைக்காத ஹெட்போனுக்கு அங்கேயும் மரியாதை இருக்கிறது. அவர்கள் இருந்த குசைஸ் பிளாட்டில் ஓர் அறையை நான் இரண்டு நர்ஸ்களோடு பங்குபோட்டுக்கொண்டேன். கதிர்காமு முசஃபாவில் ஒரு கம்பெனிக்கு மாறிப்போனான். வாசு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, சோப்புக்கும் டீத்தூளுக்கும் யாரையோ பாடவைத்தான்.

ஆனால் கேசட் சாகவில்லை. பிரதிக்குப் பிரதி எடுத்துக் கேம்புகளில் அது ஓடிக்கொண்டேயிருந்தது. தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு "சப்பாத்து புதுசு" என்று பாடுவது ஒரு வித்தையானது. கேம்பு விழாக்களில் நடிகர்களின் குரல்களோடு "வாசு குரல்" என்று ஒரு மிமிக்ரி ஐட்டம் சேர்ந்துவிட்டது என்று கதிர்காமு போனில் சொன்னான். முசஃபா வெல்டர்கள் என் குரலில் பேசுகிறார்கள், அதற்குப் பெயர் வாசு குரல். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருடம், எண்பத்தொன்பதில், தமிழ்ச் சங்கம் ஒன்று ஆண்டு விழாவில் வாசுவைக் கௌரவிக்க முடிவுசெய்தது. செயலாளர் முத்துராமன் ஒரு ஆடிட்டர். நல்ல மனிதர், தனக்குத் தெரியாத எதையும் நீளமாகப் பாராட்டக்கூடியவர். பொன்னாடைக்குப் பிறகு இரண்டு பாட்டு பாட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். என் ஸ்விட்ச்போர்டுக்கு வாசுவிடமிருந்து கால் வந்தது.

"அக்கா, கடைசி தடவ. ஸ்கிரீனுக்குப் பின்னாடி ரெண்டே பாட்டு."

"ஒரு நிபந்தனை" என்றேன். "முதல் பாட்டு முடிஞ்ச உடன என்ர பேரைச் சொல்லி முன்னுக்குக் கூப்பிட வேணும். இவ்வளவு காலமும் பாடினது நான் எண்டு நீரே மைக்கில சொல்ல வேணும்."

"சத்தியமா சொல்றேன்க்கா. எனக்கும் உறுத்திட்டுத்தான் இருக்கு."

நான் நம்பினேன். நம்பினது மட்டுமில்லை, புதுச் சேலை வாங்கினேன். காஞ்சிபுரம், மயில்கழுத்து நிறம். திரைக்குப் பின்னால் நிற்பதற்கு யாராவது காஞ்சிபுரம் கட்டுவார்களா? முசஃபாவிலிருந்து கதிர்காமு தாளம் போட வந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றான்.

ஒரு பள்ளிக்கூட மண்டபம், வியாழக்கிழமை மாலை. குத்துவிளக்கு, இறைவணக்கம், பிள்ளைகளின் நடனம், எல்லாம் முறைப்படி நடந்தன. முத்துராமன் பேசினார். ராப் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல, அதை அமெரிக்கர்கள் நம்மிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. வாசுவுக்குப் பொன்னாடை போர்த்தினார். வாசு அதைத் தோளில் போட்டபடியே முதல் பாட்டுக்கு வாயசைத்தான். நான் திரைக்குப் பின்னால் என் வாழ்நாளில் பாடாத மாதிரிப் பாடினேன். பாட்டு முடிந்தது.

வாசு கீச்சுக் குரலில் நன்றி சொல்லத் தொடங்கினான். பாடின குரல் எங்கே, பேசுகிற குரல் எங்கே என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பாவுக்கு நன்றி. சங்கத்துக்கு நன்றி. ஷோரூம் முதலாளிக்கு நன்றி. ஜெர்மனியில் இருக்கும் டிஜே பத்மாவுக்கு நன்றி. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. பிறகு, "அடுத்த பாட்டுக்குப் போலாமா?" என்றான்.

கதிர்காமு திரும்பித் திரையைப் பார்த்தான். தாளத்தைத் தொடங்கவில்லை.

மைக்கைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கி முன்னால் வந்தேன். வயர் எங்கோ சிக்கியது, இழுத்தேன், வந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. வாசு வாய் திறந்தபடி நின்றான். கதிர்காமு என் முகத்தைப் பார்த்ததும் தாளத்தை எடுத்துவிட்டான். நான் பாடினேன். அதே பாட்டு, முன்னால் நிற்கிறவர் மூச்சு மட்டும் விடுகிறவர். இந்த முறை விரலை நீட்டி, முகத்துக்கு நேரே பாடினேன்.

முன்வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பின்வரிசைவரை போனது. விசில் அடித்தார்கள். நான் பாடி முடித்ததும் முத்துராமன் ஓடிவந்து இன்னொரு மைக்கைப் பிடித்தார்.

"அற்புதம்! எத்தனையோ பேர் வாசு குரல் பண்ணிக் கேட்டிருக்கோம். ஒரு லேடி இவ்வளவு தத்ரூபமா மிமிக்ரி பண்ணி நான் கேட்டதே இல்ல!"

மைக்கில் சொன்னேன்: "ஐயா, இது மிமிக்ரி இல்லை. இது என்ர குரல். எல்லாப் பாட்டும் நான்தான் பாடினனான். இவர் வாயை மட்டும்தான் அசைச்சவர்."

மண்டபம் உருண்டு சிரித்தது. மேடைக்குப் பக்கத்து வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசு யாழ்ப்பாணத் தமிழ் பேசினா எப்படி இருக்கும்னு பண்றாங்க பாருங்க!" என்று அடுத்தவளுக்கு விளக்கினாள்.

கதிர்காமு முன்னால் வந்து, "அக்கா சொல்றது நெசந்தாங்க. சத்தியமா அவங்க கொரலுதான்" என்றான். அதற்கும் கைதட்டினார்கள். கூட்டாளியும் நன்றாக நடிக்கிறாராம்.

நான் வாசுவைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்கு அது தெரியும். அவன் கண்ணில் ஒரு கணம் பயம் தெரிந்தது, அந்த ஒரு கணம் அவன் மனிதனாக இருந்தான். பிறகு சபை சிரிப்பதைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்தான்.

"என் குரல் மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்கிற ரசிகைக்கு, எனக்குக் கிடைச்ச இந்த மரியாதைய நான் குடுக்கிறேன்" என்றான்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவனுடைய பணிவு இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. பெண்களுக்கு ஆண்கள் பொன்னாடை போர்த்தும் வழக்கம் சங்கத்தில் இல்லை. ஆகவே முத்துராமன் தன் மனைவி ஜெயபாரதியை மேடைக்கு அழைத்தார். அவள் சிரித்த முகத்தோடு வந்து என் மயில்கழுத்துச் சேலைக்கு மேல் அதைப் போர்த்தினாள். அவன் கழுத்து வியர்வை இன்னும் அதில் இருந்தது. அறைய வேண்டும் போல இருந்தது, யாரை அறைவதென்று தெரியவில்லை. மண்டபம் முழுக்க நல்ல மனிதர்கள்.

ஜெயபாரதி என் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஆசையாகக் கேட்டாள்: "இவ்வளவு நேரம் அவர் குரல்லயே பேசிட்டீங்க. இப்ப உங்க சொந்தக் குரல்ல ரெண்டு வார்த்தை பேசுங்களேன்."

மண்டபம் அமைதியானது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடமாக நான் கேட்டது இந்த அமைதியைத்தான்.

நான் தொண்டையை இறுக்கிக்கொண்டேன். பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு மெல்லிய குரலில், "எல்லாருக்கும் நன்றி" என்றேன்.

"அடடா, எவ்வளவு இனிமையான குரல்!" என்றாள் ஜெயபாரதி. "இத வெச்சுக்கிட்டு ஏன்மா அந்தக் கட்டைக் குரல்ல கஷ்டப்படறீங்க?" அன்றைய விழாவிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

கதிர்காமு என்னை வானில் ஏற்றினான். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் திரும்பினான். அவன் கண் சிவந்திருந்தது. "ஏங்கக்கா அப்புடிப் பேசுனீங்க? விட்டுக் குடுத்துட்டீங்களே" என்றான்.

"என்ர குரல் அவையளுக்கு விளங்கேல்லை, கதிர்காமு. விளங்கிற ஒண்டைக் குடுத்திட்டு வந்தனான்" என்றேன்.

அவன் வானை எடுத்தான். குசைஸ் வரும்வரை நான் வாய்விட்டு அழுதேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, வானுக்குள் அழுகிற ஆண் யார் என்று எட்டிப் பார்த்தார்.